முப்பத்தொரு சைகைகள்

தூத்துக்குடியில் ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்தது ஜெசிந்தாவின் கடை. கம்ப்யூட்டரில் தொலைந்துபோனதைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். தவறுதலாக அழித்த கோப்புகள், காணாமல் போன மின்னஞ்சல்கள், மழையில் நனைந்த லேப்டாப்புகள் என்று ராமநாதபுரத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். "எல்லா இடத்துலயும் கையை விரிச்சுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் படியேறுவார்கள். அவளுக்கு வயது முப்பத்து நாலு.

அவளிடம் தொழில் கற்க வந்த மாசானத்துக்கு ஐம்பத்திரண்டு. நூற்பு மில்லில் இருபத்தாறு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லை மூடியபின், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று படியேறி வந்தார்.

முதல் நாள் அவளை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டார். மறுநாள் அவள் ஒரு வக்கீலின் ஹார்ட் டிஸ்கின் முன்னால் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போன் அடித்தபோது திரும்பவில்லை. கடைசியில் வக்கீலின் கடிதம் ஒன்று திரையில் எழுந்து வந்தது. அதற்குப் பிறகு அவர் "மேடம்" என்றுதான் கூப்பிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் அவரை "அண்ணாச்சி" என்றாள்.

ஒருநாள் கேட்டார். "அழிச்சது எங்க மேடம் போகும்?"

"எங்கயும் போகாது அண்ணாச்சி. இருந்த இடத்துலயே இருக்கும். அந்த இடம் காலின்னு கம்ப்யூட்டர் குறிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான். அதே இடத்துல வேற ஒன்னு வந்து உக்கார்ற வரைக்கும் அதை எடுத்துரலாம்."

எட்டு மாதம் போனது. ஜூன் மாதத்தில் ஒரு காலை, ஆட்டோவில் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து இறங்கினார். பெயர் மரகதவல்லி. காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை.

அவர் கதை இது. அந்தப் பள்ளிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சைகை மொழி தெரியாமல்தான் வருவார்கள். ஆனால் வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டில் அம்மாவும் பிள்ளையும் தாங்களே உண்டாக்கிக்கொண்ட சைகைகள் சில இருக்கும். சோறுக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. பள்ளியில் பொதுச் சைகை பழகியதும் அவை மறந்துபோகும். மரகதவல்லி அவற்றைச் சிறுசிறு வீடியோவாக எடுத்து வைத்தார். பதினாறு வருடம் எடுத்தார். ஆயிரத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. தேர்வுத் தாள்களுக்கு இடம் பண்ண, வேண்டாத கோப்புகளை அழிக்கப்போய், அந்தக் கோப்புறையையே அழித்துவிட்டார். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டார்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க டீச்சர்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"ஒயரைப் பிடுங்கிட்டு அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்."

"அதைவிட நல்ல காரியம் செய்ய முடியாது."

அன்று ஜெசிந்தா ஆறுமுகநேரியில் ஒரு ஆலைக்குப் போக வேண்டியிருந்தது. பெட்டியை மேசை மேல் வைத்தாள். "அண்ணாச்சி, சாயங்காலம் வந்திருவேன். அதுவரைக்கும் இதுக்குக் கரண்ட் குடுக்க வேண்டாம்."

மரகதவல்லி வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பேசிக்கொண்டே இருந்தார். முட்டைக்கு ஒரு பெண் காட்டிய சைகை, மாமாவுக்கு இரட்டையர் இருவர் காட்டிய இரண்டு வேறு சைகைகள். பதினோரு மணிக்குப் பேச்சு நின்றது.

"அண்ணாச்சி, எனக்கு ஒன்னே ஒன்னு பாத்தாப் போதும். உள்ள இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், நான் போயிருவேன்."

மாசானம் அந்த முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். எட்டு மாதமாக வேடிக்கை பார்த்த கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஒயரைச் சொருகினார். இணையத்தில் கிடைத்த மீட்பு மென்பொருள் ஒன்றை இறக்கி, அதிலேயே நிறுவினார். நீளமான பட்டியல் வந்தது. நாற்பது வீடியோக்களைத் தேர்ந்து, அதிலேயே சேமித்தார்.

முதல் வீடியோ ஓடியது. ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி உள்ளங்கையைக் குவித்து, அதன் மேல் மெல்ல உட்காருவதுபோல நடித்துக் காட்டினாள். முட்டை. மரகதவல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மில் மூடிய நாளிலிருந்து மாசானத்துக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

நாலு மணிக்கு ஜெசிந்தா வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"எங்க சேமிச்சீங்க அண்ணாச்சி?"

"இதுலதான் மேடம்..."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த டிஸ்கில் வேறு இடம் கிடையாது. இடம் இல்லாததால்தானே டீச்சர் அழிக்கவே போனார். காலி என்று குறிக்கப்பட்ட இடம் முழுக்க அந்தப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். நாற்பது பேரை எழுப்பி, தூங்கிக்கொண்டிருந்த மற்றவர்கள் மேலேயே உட்கார வைத்திருந்தார் அவர்.

ஜெசிந்தா கையை நீட்டி ஒயரைப் பிடுங்கினாள். மரகதவல்லியிடம், "மூணு நாள் கழிச்சு வாங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாள் முழுக்க டிஸ்கை அப்படியே நகல் எடுப்பதில் போனது. எடுத்து முடித்ததும் அசலைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு வேலையெல்லாம் நகலில்தான். சில வீடியோக்கள் மூன்று துண்டாக, நான்கு துண்டாக, வெவ்வேறு மூலையில் கிடந்தன. ஒவ்வொரு துண்டையும் தேடி, எது எதற்குப் பின்னால் வரும் என்று பார்த்துப் பார்த்துக் கோத்தாள். பின்னால் நின்ற மாசானம் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். என்ன பொறுமை இது, எங்கே கற்றது இந்தப் பெண் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை. முகம்கூட மாறவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் நாள் மதியம் சோற்று டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தார்.

"திட்டிருங்க மேடம்."

"எதுக்கு?"

"கரண்ட் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க. குடுத்தேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டப்பாவுல என்ன சாப்பாடு?"

"புளிச்சோறு."

"சாப்பிட்டுட்டு இங்க வந்து உக்காருங்க. எனக்குக் கண்ணு வலிக்குது. மிச்சத்தை நீங்க கோத்திருங்க."

எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் காலையில் கணக்குத் தெரிந்தது. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது வீடியோக்கள். முப்பத்தொன்று வரவில்லை. எந்தச் சொல், எந்தப் பிள்ளை என்ற பெயர்கள் மட்டும் இருந்தன. திறந்தால் உள்ளே, வேறு வீடியோக்களின் கிழிசல்கள்தான் இருந்தன.

ஜெசிந்தா அந்தப் பெயர்களை ஒரு தாளில் அச்செடுத்தாள். மாசானத்தின் கையில் கொடுத்தாள்.

"டீச்சர் வந்ததும் நீங்க சொல்லுங்க."

மாசானம் தாளைப் பார்த்தபடி நின்றார். "மேடம், அவங்களுக்கு எண்ணிக்கை தெரியாது. ஆயிரத்துக்கு மேலன்னுதான் சொன்னாங்க. இவ்வளவு வந்ததே பெருசுன்னு கும்பிட்டுட்டுப் போவாங்க. முப்பத்தொன்னு போனது அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மரகதவல்லி வந்ததும் மாசானம் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றுகொண்டே சொன்னார். வீடியோக்கள் வந்த விவரத்தை முதலில் சொன்னார். பிறகு அன்று தான் செய்ததை, அது எதன் மேல் போய் விழுந்தது என்பதை, ஒளிக்காமல் சொன்னார். தாளை நீட்டினார்.

மரகதவல்லி பட்டியலை வரிவரியாகப் படித்தார்.

"அன்னைக்கு நான் கேக்காம இருந்திருந்தா?"

"கேட்டது மட்டும்தான் நீங்க டீச்சர். செஞ்சது நான்."

மரகதவல்லி பட்டியலை இன்னொரு முறை படித்தார். எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சுவரோரமாக நின்று, முதல் பெயரைப் படித்து, கையால் காட்டினார். இரண்டு விரல் நெற்றியில் முளைத்து வளைந்தன. எருமை. "இது குலசேகரன்பட்டினத்துல இருந்து வந்த ஒரு பொண்ணோடது" என்றார்.

ஜெசிந்தா போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

இருபத்தேழு சைகைகளை அவர் ஞாபகத்திலிருந்து காட்டினார். ஒவ்வொன்றையும் காட்டும்போது முகம் அந்தப் பிள்ளையின் முகமாக மாறியது. மாசானம் சுவரில் சாய்ந்து நின்று, இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். மில்லில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்ததில்லை.

நாலு பெயர் மிஞ்சின. மழை, பொய், பள்ளிக்கூடம், பயம். நாலும் ஒரே பையனுடையவை.

"சூசை" என்றார் மரகதவல்லி. "எங்கிட்ட வரும்போது ஒன்பது வயசு. இந்த நாலும் மங்கலாத்தான் ஞாபகம் இருக்கு. நானா ஏதாவது காட்டினா அது என்னோடது ஆயிரும். படிச்சு முடிச்சுப் போயி ஆறு வருஷம் இருக்கும். மணப்பாட்டுக்காரன். போன் நம்பர் இல்ல."

"நான் போயிட்டு வாரேன்" என்றார் மாசானம்.

ஜெசிந்தா தன் போனை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "இதுல படம் நல்லா விழும்."

மறுநாள் திருச்செந்தூர் போய் பஸ் மாறி, மணப்பாட்டில் இறங்கி விசாரித்தார். நாலு பேரிடம் கேட்டதில் வீடு தெரிந்தது. சூசைக்கு இப்போது இருபத்து நாலு வயது. ஃபைபர் படகுகளைச் செப்பனிடுகிறவன். கரையில் ஒரு படகுக்கு அடியில் படுத்திருந்தவன், எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டான். மரகதவல்லியின் படத்தைக் காட்டியதும் முகம் மலர்ந்தது. மாசானத்தைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனான்.

வாசலில் அவன் அம்மா அந்தோணியம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். விவரத்தை அவளிடம் சொன்னார். அவள் மகனுக்குக் கையால் சொன்னாள். மாசானம் தாளை நீட்டினார்.

மழை என்ற சொல்லைப் படித்ததும் சூசை விரல்நுனிகளால் தன் உச்சந்தலையைத் தட்டினான். பொய்க்கு, கன்னத்தை உப்பவைத்து ஒரு விரலால் குத்தி உடைத்தான். பள்ளிக்கூடத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத மணியை ஓங்கி அடித்துவிட்டு, காதைப் பொத்தாமல் நெஞ்சைத் தொட்டான். மணியின் அதிர்வு அவனுக்கு அங்கேதான் கேட்டிருக்கும் என்று மாசானத்துக்குத் தோன்றியது. மூன்றையும் படம் பிடித்தார்.

நாலாவது சொல் பயம். அதையும் படித்தான் சூசை. கையைப் பாதி தூக்கினான், இறக்கினான். அண்ணாந்து பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"மறந்துபோச்சாம்" என்றாள் அந்தோணியம்மாள். அவளுக்கு ஆச்சரியம். "அதை எப்படி மறப்பான்? சின்னதுல ஒரு நாளைக்கு நூறு வாட்டி அதைத்தான் காட்டுவான். பள்ளிக்கூடத்துல விட்டுட்டு பஸ் ஏறித் திரும்பிப் பாத்தா, கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அதையேதான் காட்டிக்கிட்டு நிப்பான். ஊர் வந்து சேர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே வருவேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் காட்டுதேன், நீங்க எடுத்துக்கிடுங்க."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாசானம் போனை உயர்த்தினார்.

அவள் கை மேலே வருவதற்குள் சூசை அதைப் பிடித்துக்கொண்டான். கோபமில்லை. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, மாசானத்தைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தான். பிறகு அவரைக் கரைக்குக் கூட்டிப்போய், தான் செப்பனிட்டுக்கொண்டிருந்த படகின் அடிப்பக்கத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

மாசானம் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கடையில், டீச்சருக்குக் கொடுக்க அறிக்கை எழுத உட்கார்ந்தார். முப்பது பெயர்களுக்கு நேரே குறி போட்டார். முப்பத்தொன்றாவதில் பேனா நின்றது. எழுந்து ஜெசிந்தாவின் மேசைக்குப் போய், நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அந்தம்மாவுக்குத் தெரியும் மேடம். தம்பி கரைக்குப் போன நேரமாப் பாத்துப் போனா ஒரு நிமிஷ வேலை. பதினாறு வருஷமா டீச்சர் சேத்தது. நான் கெடுத்தது. அந்த ஒன்னு மட்டும் காலியாக் கிடக்கிறதைப் பாக்கப் பாக்க மனசு கேக்கல. போயிட்டு வந்துரட்டுமா?"

ஜெசிந்தா திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"கையைப் பிடிச்சப்போ அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

"சிரிச்ச முகம்தான் மேடம்."

"அப்ப அதை நீங்க அழிக்கல அண்ணாச்சி. அவரே அழிச்சிருக்கார். அவரே வந்து கேட்டா, எடுத்துக் குடுப்போம்."