பழைய தாங்கிகள்

முதலில் தெரிந்திருக்க வேண்டியது இது. பந்தயக் காரின் சக்கரங்களை உடற்சட்டத்தோடு இணைக்கும் தண்டுகளுக்குக் கைகள் என்று பெயர். அக்கைகளைப் பற்றிக்கொள்ளச் சட்டத்தில் பற்றவைக்கப்படுபவை தாங்கிகள். தாங்கிகள் இருக்கும் இடத்தைப் பொறுத்தே காரின் வடிவம் அமையும்; அகலம் கூடினால் காற்று தடுத்து வேகம் குறையும்.

கோவையின் ஃபார்முலா கார்ப் பந்தய அணி ஒன்று நெடுநாளாக நடுவரிசையைத் தாண்டவில்லை. இந்தப் பருவத்தில் முதல் மூன்று இடங்களுள் ஒன்று ஒருமுறையேனும் கிடைக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

தலைமை வடிவமைப்பாளர் பரிமளகாந்தி. அவரிடம் பயில்வதற்காக ஸ்கூட்டர் ஆலை வேலையை விட்டு வந்தவர் திருவேங்கடம். ஆசிரியரைவிட வயதில் மூத்தவர். புதிய காரை வரைந்தவர் அவரே.

சோதனை ஓட்டம் முடிந்ததும் அவர் ஆசிரியர் முன் வந்து நின்றார்.

"மேடம், போன வருஷக் காரைப் பயந்தாங்கொள்ளி கார்னு முதலாளி சொன்னார். இதைத் துணிஞ்சு வரைஞ்சேன். கைகளைத் தாழ்த்தி, மெலிசாக்கி, யாரும் செய்யாத வடிவம். ஆனா பழைய வேகம்தானுங்க வருது."

பரிமளகாந்தி காரை ஒருமுறை சுற்றி வந்து, அதன் முன்முனையில் நின்றார்.

"மூக்கு ஏன் இவ்வளவு அகலம்?"

"உள்ளே பழைய தாங்கிகளையும் வெச்சிருக்கேன்."

"பழைய கைகள்?"

"எண்ணெய் பூசிப் பத்திரமா இருக்குதுங்க. புதுசு சரிவரலைன்னா ஒரே நாள்ல பழையபடி மாத்திடலாம்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் சிறு பெருமை இருந்தது.

"ஆக, ரெண்டு கார்."

"ஒண்ணுதானுங்க மேடம்."

"ஓட்டறது எத்தனை பேர்?"

"ரெஜினா ஒருத்திதான்."

"கூப்பிடுங்க."

ஓட்டுநர் ரெஜினா டீ டம்ளரோடு வந்தாள்.

"ஏனுங்க மேடம், இந்தத் தடவையும் குத்தம் என் மேலதானா?"

 பரிமளகாந்தி மூக்கின் மூடியைக் கழற்றி, உள்ளே விளக்கைப் பிடித்தார்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

"வேங்கடண்ணா, இது பழைய காரோடதாச்சே. இதுல எதுக்குங்க?"

திருவேங்கடம் வாயைத் திறந்தார். ஆசிரியரிடம் சொன்ன விடை நாக்கின் நுனியில் இருந்தது.

வளைவில் முழு வேகத்தில், அந்த மெல்லிய கைகளை நம்பித் திருப்பப் போகிறவள் எதிரே நின்றாள்.

"சொல்லுங்கண்ணா."

அவர் ஆசிரியர் பக்கம் திரும்பினார்.

"பழசா, புதுசா? நீங்களே சொல்லிடுங்க மேடம்."

"வரைஞ்சது நீங்க."

பரிமளகாந்தி இரும்பறுக்கும் கிரைண்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். ரெஜினாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் அமர்ந்தார்.

"அது என் டீ," என்றாள் ரெஜினா.

"ஆறிப்போகுது."

 திருவேங்கடம் கிரைண்டரைக் கையில் எடுத்தார்.

"தள்ளி நில்லும்மா. பொறி பறக்கும்."

பின்னர் உறுதியானவை: பழைய தாங்கிகள் அனைத்தும் அறுக்கப்பட்டன; மூக்கு ஒடுங்கியது. முதல் பந்தயத்தில் இடப்பக்கக் கை வளைந்து கார் நின்றது; ரெஜினாவுக்குக் காயமில்லை. பழைய கைகளை எவரும் தேடவில்லை. வளைந்ததைத் திருவேங்கடம் திருத்தி வரைந்தார். கடைசிப் பந்தயத்தில் ரெஜினா இரண்டாவதாக வந்தாள். அணி கலையவில்லை.

அடுத்த பருவத்துக்குத் திருவேங்கடம் வரைந்தது எல்லோரும் அறிந்த, அடக்கமான வடிவம்.

அதிலும் ஒரு வரிசைத் தாங்கிகளே இருந்தன.