மைதா அடுக்கின் கீழே ஒரு நாற்காலி

வம்பை முதலில் ஆரம்பித்தவர் பிஸ்கட் கம்பெனி மேனேஜர் சந்தானகிருஷ்ணன்தான். குடோனில் மைதா மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கச் சொன்னார்.

"சரிஞ்சா கீழே நிக்கிறவன் செத்துருவான் சார்" என்றார் லோடுமேன் பேச்சிமுத்து.

"அதெல்லாம் விழாது. பயந்தாங்கொள்ளி! முடியாதுன்னா வேலையை விட்டுப் போ!" எல்லோர் முன்னாலும் கத்தினார் மேனேஜர்.

பேச்சிமுத்து கூரை வரைக்கும் அடுக்கி முடித்தார்.

மறுநாள் ஆயுத பூஜைக்கு முதலாளி வந்திருந்தார். பேச்சிமுத்து மேனேஜரின் நாற்காலியைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, அந்த அடுக்கை ஒட்டிப் போட்டார்.

"உட்காருங்க சார், மாலை போடணும்."

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். "இங்கேயா? தலையில விழுந்தா?"

"விழாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

முதலாளிக்கு விளங்கிவிட்டது. "முதல்ல மூட்டையை இறக்குங்கய்யா. அப்புறம் பூஜை."

மூட்டைகள் நெஞ்சுயரத்துக்கு இறங்கின. 'பயந்தாங்கொள்ளி' என்ற சொல்லைத்தான் மேனேஜர் இன்னும் திரும்ப வாங்கவில்லை. பேச்சிமுத்துவும் விடுவதாக இல்லை.