நாலு ராஜாவும் மிராசுதாருக்கே

சமையல்காரி செவந்தி, மகளின் வளைகாப்புக்குப் போக மிராசுதார் சிங்காரவேலரிடம் இரண்டு நாள் லீவு கேட்டாள்.

"சீட்டாட்டத்தில் என்னை ஜெயித்துவிட்டுப் போ. ஆனால் ஒரு ராஜாவைக்கூட நீ எடுக்கக் கூடாது!" என்றார் அவர்.

அந்த வீட்டு ஆட்டம் எளிது. பத்துச் சீட்டில் நாலு ராஜா. ஆளுக்கு ஐந்து சீட்டு பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எதிராளியோடு மாற்றிக்கொள்ள வேண்டும். தீரும்வரை இப்படியே. ராஜாவுக்குப் பத்துப் புள்ளி, மற்றதற்கு ஒன்று. ஒருவரிடமே இரண்டு ராஜா சேர்ந்தால் சண்டை வந்து, அவரிடமுள்ள ராஜாவெல்லாம் பூஜ்யம். காபி கொடுக்கும்போதெல்லாம் செவந்தி பார்த்த ஆட்டம்தான்.

"சரிங்க ஐயா. ஆனா வெறும் ராஜாவா என்கிட்ட நீட்டக் கூடாது. நான் எடுக்க வேற சீட்டு ஒண்ணாவது இருக்கணும்."

"ராஜாவை உனக்கா தருவேன்?" என்று சிரித்தார்.

முதல் ராஜாவை ஆசையாக எடுத்தார். இரண்டாவதை எடுக்கப் பயந்து வேறு சீட்டை எடுத்தார். செவந்தி தொடாததெல்லாம் அவரிடமே திரும்பி வந்தது. முடிவில் நாலு ராஜாவும் அவரிடமே சேர்ந்து பூஜ்யமாயின; மிச்சமிருந்த ஒரு சீட்டுக்கு அவருக்கு ஒரு புள்ளி, அவளுக்கு ஐந்து.

"ஒரு ராஜாகூட இல்லாமல் எப்படி ஜெயித்தாய்?"

"நீங்க போட்ட உத்தரவுதாங்க ஐயா!"

மறுநாள் முதல் பஸ்ஸில், மடியில் வளையல் பெட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் செவந்தி.