புகைக்குள் கேட்ட இருமல்

குருத்துமலை எரியத் தொடங்கிய பின் மூங்கிலடிப்பட்டியில் பகல் என்று ஒன்று இல்லாமல் போனது. தீ ஊருக்குள் வரவில்லை. புகைதான் வந்தது. நடு மதியத்தில் கோழிகள் கூட்டுக்குள் போய் அடைந்தன. சூரியன் காய்ந்த ரத்தத்தின் நிறத்தில், பார்த்தால் கண் கூசாமல், மேலே நின்றது. தெருவில் ஆட்கள் தெரியவில்லை. அவர்களுடைய பேச்சு மட்டும் நடமாடியது.

ஊரின் கீழ்க்கோடியில் தவமணி அம்மாளின் மடம். அம்மாளுக்கு நாற்பது வயதுதான். அவருடைய சீடர் குழந்தைவேலு அறுபதைத் தாண்டியவர். பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பயம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவரிடம் வந்து சேர்ந்தவர். எதைக் கண்டு பயம் என்று அம்மாள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அன்று காலை அம்மாள் தியானக் கூடத்தின் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணிக்கச் சொன்னார்.

"மூச்சு பலமில்லாதவங்க எல்லாரையும் இங்க கூட்டிட்டு வந்துரலாம். வயசானவங்க, பிள்ளைத்தாச்சிங்க, கைக்குழந்தைங்க. இழுப்பு இருக்கிறவங்க முதல்ல."

மதியத்துக்குள் கூடத்தில் பாதி நிரம்பிவிட்டது. அம்மாள் ஊதுவத்திகளை எடுத்து அப்புறப்படுத்தினார். பிறகு, அவருடைய குரு ஏற்றிவைத்து அன்றுவரை அணையாமல் காத்து வந்த விளக்கின் முன்னால் போய் நின்றார். திரியை எண்ணெய்க்குள் அழுத்தினார்.

குழந்தைவேலு பதறிப்போனார். "அம்மா, அது குரு ஏத்தின விளக்கு."

"அவர் மூச்சு நின்னு வருஷமாச்சு. இவங்களுக்கு இன்னும் ஓடிட்டிருக்கு. இதோட புகையும் சேர வேணாம்."

கூடம் இருண்டது. முகங்கள் மறைந்து மூச்சுகள் மட்டும் மிஞ்சின. சில சீறின. சில மெல்ல விசிலடித்தன.

"ராக்கப்பன் தாத்தாவைக் காணோமே," என்றாள் சுவரோரம் படுத்திருந்த கர்ப்பிணி ஒருத்தி.

ராக்கப்பன் ஈளைக்காரர், மூச்சிழுப்பு உள்ளவர். காட்டை ஒட்டிய கடைசி வீட்டில் தனியாக இருப்பவர். கிராம நர்ஸ் விட்டுப்போன முகக்கவசங்களில் இரண்டை எடுத்துக் குழந்தைவேலுவின் கையில் வைத்தார் அம்மாள். சீடர் கிளம்பினார்.

வெளியே தன் கையை நீட்டினால் தனக்கே விரல் தெரியவில்லை. வேலியைத் தடவிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். கிழவர் கட்டிலில் குந்தியபடி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஒரு கவசத்தை அவருக்கு மாட்டிவிட்டு முதுகில் தூக்கிக்கொண்டார்.

முன்னொரு காலத்தில் விறகுக்குப் போன பெண்கள் சிலர் அந்த மலையில் தீக்குள் மாட்டிச் செத்துப்போனார்கள். புகை இறங்கும்போது அவர்களும் இறங்கி வருவார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. பின்னாலேயே வருவார்களாம். பேச மாட்டார்களாம். குழந்தைவேலு அந்த ஊர்க்காரர் இல்லை. ஆனாலும் கேள்விப்பட்டிருந்தார்.

பாதி வழியில் கிழவர் இருமினார். பின்னால் ஓர் இருமல் கேட்டது.

குழந்தைவேலு நின்றார். பின்னால் சருகு மிதிபடும் சத்தமும் நின்றது. நடந்தார். கிழவர் மறுபடி இருமினார். மறுபடியும் பின்னால் இருமல், இப்போது இன்னும் கிட்டத்தில்.

"யாரு?"

பதில் இல்லை.

"திரும்பாதப்பா," என்று அவர் காதுக்குள் சொன்னார் ராக்கப்பன். "நட."

அந்த வயதில், முதுகில் ஓர் ஆளையும் சுமந்துகொண்டு, அப்படி ஓட முடியும் என்று குழந்தைவேலு நினைத்ததே இல்லை. மடத்துக்குள் நுழைந்ததும் தாழ்ப்பாளைப் போட்டார்.

அம்மாள் கிழவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்.

"வழியில வேற யாரும் உண்டா?"

குழந்தைவேலு தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"பின்னால இருமுச்சு தாயி," என்றார் ராக்கப்பன், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்து. "யாருன்னு கேட்டதுக்குப் பதில் இல்ல. நான்தான் திரும்பாதேன்னேன்."

அம்மாள் ஒரு முகக்கவசத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். புகை அவரை உடனே மூடிக்கொண்டது.

குழந்தைவேலு கதவைச் சாத்தித் தாழிட்டு, அதன் மேல் காதை வைத்து நின்றார். வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தூரத்தில் ஓர் இருமல். அது அம்மாளுடையது இல்லை.

அப்புறம் கதவு தட்டப்பட்டது. கை உயரத்தில் இல்லை. கீழே, தரையோரமாக.

"அம்மா?"

பதில் இல்லை. மறுபடி தட்டல்.

அவர் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. அது நகர மறுத்தது. பின்னால் இருட்டில் அத்தனை மூச்சுகளும் நின்றுவிட்டதுபோல் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தார்.

அம்மாள் பேச மூச்சில்லாமல், தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்திருந்தார். அவருடைய ஒரு கை இன்னொரு பெண்ணின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் ஒச்சம்மா. உடம்பெல்லாம் சாம்பல். முந்தானைக்குள் ஒரு சின்னக் கால் தெரிந்தது.

குழந்தை அழவில்லை. கர்ப்பிணி அதை வாங்கி மடியில் போட்டு, முகத்தைத் துடைத்து, பாதத்தைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அது பூனைபோல் ஒரு குரல் கொடுத்தது. கூடத்தில் யாரோ விசும்பினார்கள்.

ஒச்சம்மாவுக்குத் தொண்டை கட்டி, பேச்சு எழவில்லை. தண்ணீர் குடித்த பிறகு காற்றாகச் சொன்னாள்: "கண்ணு தெரியல. இருமுற சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். சத்தம் நின்னா நானும் நின்னேன். கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் வரல. அப்புறம் ஓடிட்டாங்க."

சாயங்காலம் காற்று திசை மாறியது. ஆம்புலன்ஸ் வந்து ராக்கப்பனையும் குழந்தையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு போனது. மூவரும் பிழைத்துவிட்டதாகப் பிறகு நர்ஸ் வந்து சொன்னாள்.

மழை பெய்து மலை அணைந்த அன்று, ஜன்னல் இடுக்குகளிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தார் அம்மாள். எல்லாம் கறுத்திருந்தன. குழந்தைவேலு பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, அது மனுஷிதான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியாது."

"தெரியாமலா போனீங்க?"

"இருமல் கேட்டுச்சே."

"வேற எதுவாவது இருந்திருந்தா?"

அம்மாள் ஒரு துணியைப் பிழிந்து உதறினார்.

"அதையும் உள்ள கூட்டிட்டு வந்திருப்பேன். இடம் இருந்துச்சு."