இரண்டாவது பிரேக்

கருவேலங்காட்டுக் குளம் அந்த வருடம் மாசி மாதமே வற்றிப்போனது. இனி மழை வரும்வரை பெரிய ஏரியிலிருந்து டெம்போவில்தான் தண்ணீர் வந்தாக வேண்டும். அந்தத் தண்ணி வண்டியைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டிய கரடிக்கோ கண் மங்கிவிட்டது.

"எதிர்ல வர்றது யானையா பாறையான்னே தெரியல! வேற டிரைவரைப் பாருங்க!" என்று சொல்லி அது சாவியைக் கழற்றி வைத்துவிட்டது.

விலங்குகள் கூடிப் பேசின. பங்குனி முதல் தேதி நடக்கும் டெஸ்டில் எது லைசென்ஸ் வாங்குகிறதோ, அதற்குத்தான் வண்டி. வண்டியோடு, ஏரிக்கரையில் டிரைவர் குடியிருக்கும் நிழலான வளையும் சேர்த்து!

இரண்டே விலங்குகள்தான் பெயர் கொடுத்தன. ஒன்று முள்ளம்பன்றி பொன்னுரங்கம். மற்றொன்று கீரி வேலப்பன்.

வேலப்பனுக்கு அந்த வளையின் மீதுதான் கண். தண்ணி வண்டி நின்றதிலிருந்து அதன் மனைவி செவந்தி தினமும் நாலு குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும். திரும்பி வருவதற்குள் குட்டிகளுக்கு மறுபடி தாகம் எடுத்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வேலப்பனுக்கு வயிறு எரியும். எப்படியாவது லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும் என்று அது முடிவு செய்தது.

காட்டில் ஒரே ஒரு டிரைவிங் ஸ்கூல்தான் உண்டு. அதை நடத்தியது ஒரு உடும்பு. 'எங்களிடம் படித்தவர்கள் பயிற்சியின்போது எதிலும் இடித்ததே இல்லை' என்று பெரிய எழுத்தில் ஜீப்பின் பின்னால் எழுதி வைத்திருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதல் நாள் உடும்பு, வேலப்பனை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தது. தான் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டது.

"இது உன் கிளட்ச், இது உன் பிரேக். இந்தப் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கு பாரு, அது என்னோடது!"

"அது எதுக்கு மாஸ்டர்?"

"சும்மா, ஆபத்துக்கு!"

வேலப்பன் கியரைப் போட்டது. ஜீப் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நகர்ந்தது. புளியமரத்து வளைவில் தானாக வேகம் குறைந்தது. குறுக்கே ஓடிய காட்டுக்கோழிக்கு முன்னால் அழகாக நின்றது.

"ஆகா! முதல் நாளே இப்படியா?" என்றது உடும்பு.

"எல்லாம் கால்ல இருக்கு மாஸ்டர்!" என்றது வேலப்பன்.

கால்தான். ஆனால் யாருடைய கால் என்று வேலப்பன் குனிந்து பார்க்கவில்லை. உடும்பின் பிடியைப் பற்றிக் கேட்க வேண்டுமா! தன் பக்கத்து கிளட்சையும் பிரேக்கையும் அது ஒருபோதும் விட்டதில்லை. முதல் நாளே வண்டி குலுங்கி நின்றுபோனால், கற்றுக்கொள்ள வந்த விலங்கு வெட்கப்பட்டு மறுநாள் வராது. இது உடும்பு தன் தொழிலில் கண்டுகொண்ட விஷயம்.

தினமும் ஒரே ரோடுதான். புளியமரத்து வளைவு, கரையான் புற்று வேகத்தடை, பாலத்துக்கு இறங்கும் சரிவு, திரும்பவும் புளியமரம். வேலப்பன் கை சிக்னல் காட்டுவதில் புலியாகிவிட்டது. வலது கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்து, பரதம் ஆடுவதுபோல் காட்டும். ரோட்டோரம் நிற்கிறவை எல்லாம் அசந்துபோகும்.

பொன்னுரங்கத்தின் கதை வேறு. அதன் முள்ளுக்குப் பயந்து உடும்பு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது கரடியிடம் போய் நின்றது.

"அண்ணே, உங்க டெம்போவிலயே கத்துக்கொடுங்களேன்!"

"கத்துக்கோ. ஆனா எனக்குக் கண்ணு தெரியாது. எல்லாத்தையும் நீதான் பார்த்துக்கணும்!"

டெம்போவில் ஒரே ஒரு பிரேக்தான். பொன்னுரங்கம் கிளட்சை விட்டால் வண்டி தவளைபோல் தாவி நின்றுவிடும். தினமும் ஒரு புதராவது சாயும்.

"என்னய்யா சத்தம்?" என்று கரடி கேட்கும்.

"வேலியில இடிச்சிட்டேன் அண்ணே!"

"சரி, ரிவர்ஸ் எடு."

இதைப் பார்த்து வேலப்பன் ஜீப்பிலிருந்தபடியே சிரிக்கும். "பொன்னுரங்கம்! காட்டுல மரம் ஏதாவது மிச்சம் வைப்பியா?" என்று கத்தும். பொன்னுரங்கத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் மறுநாள் விடிந்ததும் டெம்போவுக்குள் ஏறிவிடும்.

பத்தாம் நாள் உடும்புக்கே லேசாக மனசாட்சி உறுத்தியது. "வேலப்பா, இன்னிக்கு நான் காலை மடக்கி சீட்டு மேல வெச்சுக்கறேன். நீயே ஓட்டிப் பாரு!" என்றது.

வேலப்பன் கிளட்சை விட்டது. ஜீப் ஒரு உதறு உதறி நின்றது. மறுபடி விட்டது. மறுபடி நின்றது. மூன்றாம் தடவை முன்னால் பாய்ந்து, கரையான் புற்றின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. மரத்தின் மேலிருந்த மந்திகள் கைதட்டிச் சிரித்தன.

வேலப்பனின் முகம் சுருங்கிப்போனது. "என்ன மாஸ்டர் இது! நீங்க காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கிட்டா எனக்கு இடைஞ்சலா இருக்காதா? பழையபடி உட்காருங்க!"

"உண்மையாவா சொல்றே?"

"ஆமாம்! கவனமே சிதறுது!"

உடும்பு கால்களை இறக்கிப் பழையபடி கிளட்சின் மேலும் பிரேக்கின் மேலும் வைத்துக்கொண்டது. ஜீப் மறுபடி வெண்ணெயில் கத்தியாக ஓடியது.

"பார்த்தீங்களா!" என்றது வேலப்பன்.

பங்குனி முதல் தேதி வந்தது. டெஸ்ட் வைத்து லைசென்ஸ் தரும் பிரேக் இன்ஸ்பெக்டரான கொக்கு, கழுத்தை நீட்டிக்கொண்டு புளியமரத்தடியில் நின்றது. சிரிக்காது, கோபிக்கவும் செய்யாது. கேட்டால் பதில் சொல்லும்.

"முதல்ல வேலப்பன்! எந்த வண்டி?"

"மாஸ்டரோட ஜீப் சார்!"

உடும்பு வழக்கம்போல் இடப்பக்கம் ஏறப்போனது. கொக்கு அலகால் தடுத்தது. "அது என் இடம். நீங்க பின்னால போங்க."

உடும்பு வேலப்பனைப் பார்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தது. "ஏறுங்க மாஸ்டர், நேரமாகுது!" என்றது வேலப்பன். உடும்பு வாயை மூடிக்கொண்டு பின் சீட்டில் போய் உட்கார்ந்தது.

கொக்கு தன் நீண்ட கால்களை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டது. "எடுங்க!"

ஜீப் உதறி நின்றது. கொக்கு தன் அட்டையில் எழுதிக்கொண்டது. மறுபடி உதறி நின்றது. மறுபடி எழுதிக்கொண்டது. மூன்றாம் முறை ஜீப் எப்படியோ கிளம்பிவிட்டது. வேலப்பன் பெருமூச்சு விட்டு, புளியமரத்து வளைவில் கையை நீட்டி அபிநயம் பிடித்தது.

"சிக்னல் நல்லா இருக்கு," என்றது கொக்கு.

வேலப்பனுக்கு உயிர் வந்தது. இனி சரிவு ஒன்றுதான் பாக்கி. அதைத் தாண்டினால் பாலம், பாலத்தைத் தாண்டினால் ஏரிக்கரை வளை என்றே அதற்குத் தோன்றியது.

சரிவின் அடியில் ஒரு முயல் தன் மூன்று குட்டிகளோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. வேலப்பன் பார்க்காமல் இல்லை. நன்றாகவே பார்த்தது. வழக்கம்போல் பிரேக்கின் மேல் பாதத்தை மெல்ல வைத்தது. பயிற்சி நடந்த இருபது நாளும் இந்தச் சரிவில் அவ்வளவே போதுமாக இருந்தது.

ஜீப் நிற்கவில்லை. வேகம் கூடியது.

"பிரேக்!" என்றது கொக்கு.

"வெச்சிட்டேன் சார்!"

"அழுத்துங்க!"

எவ்வளவு அழுத்த வேண்டும் என்று வேலப்பனுக்குத் தெரியவில்லை. தாய் முயல் குட்டிகளை மறைத்துக்கொண்டு அப்படியே உறைந்து நின்றது. கடைசி நொடியில் கொக்கு தன் பக்கத்து பிரேக்கில் காலை ஊன்றி மிதித்தது. முயலின் மீசைக்கு ஒரு சாண் தூரத்தில் ஜீப் கிறீச்சிட்டு நின்றது.

"பெயில்," என்று சொல்லி கொக்கு இறங்கிக்கொண்டது.

அடுத்தது பொன்னுரங்கம். அதற்கும் ஒரு தடவை வண்டி நின்றுபோனது. ஆனால் அது பதறவில்லை. மறுபடி கிளப்பி, சரிவின் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, எருமைக் கூட்டம் ஒன்று முழுக்கக் கடக்கும்வரை பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தது. கொக்கு லைசென்ஸில் கையெழுத்துப் போட்டது. கரடி டெம்போவின் சாவியைப் பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தது.

வேலப்பன் உடும்பின்மேல் பாய்ந்தது. "மாஸ்டர்! ஜீப்புக்கு என்ன ஆச்சு? ஏன் நிக்கல?"

"ஜீப்புக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் பின் சீட்டுல இருந்தேன்!"

"அப்போ இத்தனை நாளும்..."

"நான் காலை எடுத்துப் பார்த்தேனே! நீதானே திரும்ப வைக்கச் சொன்னே!"

வீட்டுக்கு நடக்கும்போது வேலப்பன், செவந்தியிடம் சொல்ல நாலைந்து சாக்குகளை யோசித்துக்கொண்டே போனது. கொக்கு ஓரவஞ்சனை செய்துவிட்டது, முயல் திடீரென்று குறுக்கே வந்துவிட்டது, ஜீப் ரிப்பேர். வாசலில் குட்டிகளோடு நின்ற செவந்தியைப் பார்த்ததும் ஒரு சாக்கும் வாயில் வரவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"இருபது நாளும் நான் வண்டியே ஓட்டல செவந்தி. மாஸ்டர்தான் ஓட்டியிருக்கார். நான் சிக்னல் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்!"

செவந்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் வேலப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அது குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. வேலப்பன் களைத்திருந்த இரண்டு குட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனது.

நம் பிழைகளை வேறொருவர் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருக்கும்வரை, நாம் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று நினைப்பது வெறும் வீண்பெருமையே.