கிழிக்காமல் ஒரு தாள்

பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் பிரெய்ல் அச்சகத்தைச் செல்லத்துரை என்பவர் கவனித்துவந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. அவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். டீச்சரும் பார்வையற்றவர். வயதில் செல்லத்துரையின் மகளைப்போல. ஆனாலும் அவருக்குக் குரு என்றால் டீச்சர்தான்.

அச்சு இயந்திரம் பழையது. புது இயங்குதளம் அதற்குப் புரியாது. அதனால் புது கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மென்பொருளாக உருவாக்கி, அச்சு இயந்திரத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டை அதனிடம் ஒப்படைத்திருந்தார்கள். கேள்வித்தாளை ஒரு கோப்புறையில் போட்டுவைத்தால் போதும். உள்ளே இருப்பது எழுந்ததும் தானே எடுத்து அச்சடிக்கும்.

கிருபாகரன் என்ற ஒப்பந்தக்காரன் வந்து இயங்குதளத்தை மாற்றிவிட்டுப் போனான். யாரையும் கேட்கவில்லை. பழையதைத் துடைத்தும்விட்டான். மறுநாள் உள்ளே இருந்த கம்ப்யூட்டர் எழவில்லை.

அன்று மதியம் கணக்குப் பரீட்சை. பிரெய்ல் தாள் இல்லையென்றால் யாராவது கேள்வியை வாசித்துக் காட்டுவார்கள். வரலாற்றுக்கு அது போதும். கணக்கில் அடைப்புக்குறி எங்கே திறந்தது, எங்கே மூடியது என்பதைக் காது பிடித்துவைக்காது. முன்பு ஒருமுறை அப்படி நடத்தி, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தோற்றுப்போனார்கள்.

செல்லத்துரை காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை. திரையை வாசித்துக் காட்டும் குரல் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னது. கார்டைத் தர முடியாது, அதே குழுவில் இன்னொரு கார்டும் இருக்கிறது.

அந்தக் குரலைக் கேட்டபடியே டீச்சர் உள்ளே வந்தார்.

"அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா?"

"இதை எழுப்பாம சாப்பாடு இல்ல. அந்தக் கிருபாகரன் மட்டும் கையில கிடைக்கட்டும்."

"அவனைச் சாயங்காலம் திட்டிக்கிடலாம். இன்னொரு கார்டு எது?"

"சவுண்டு கார்டு. எனக்கு வாசிச்சுக் காட்டுதே, அதேதான். இதை எதுக்கு இழுக்குது? நேத்து வரைக்கும் ரெண்டும் தனித்தனியாத்தானே இருந்துச்சு?"

டீச்சர் அச்சு இயந்திரத்தின் அடியில் இருந்த தாள் கட்டைத் தடவிப் பார்த்தார். துளைக்கோடு போட்டு மடித்த தொடர் தாள்.

"மேல இருக்கிற தாள் ஒண்ணே ஒண்ணு கொடுங்க. கிழிக்கக் கூடாது."

செல்லத்துரை எடுத்தார். அடுத்ததும் கூடவே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்தது.

"எல்லாம் சேர்ந்துல்லா வருது."

"நடுவுல கோடு இருக்கே, அண்ணாச்சி."

"கோடு இருந்தா? பிரிஞ்சா கிடக்கு?"



செல்லத்துரை தாளைக் கையில் பிடித்தபடி நின்றார். "பழைய அமைப்புல நாம ஒரு வரி எழுதிவச்சோம். இந்த ரெண்டு கார்டும் வேற வேறன்னு."

"எழுதினது நீங்க. வேண்டாம்னது நான்."

"புதுசு அந்த மாதிரி வரியை மதிக்காது."

"ம்."

"கார்டைக் கழற்றி வேற இடத்துல செருகினா?"

"அதுக்கு இருக்கிறது அந்த ஒரு இடம்தான்."

"அப்போ ரெண்டையும்தான் கொடுக்கணும்." அவர் குரல் இறங்கியது. "எனக்கு வாசிப்பு போயிரும். உள்ளே இருக்கிறதுக்கும் பேச வராது. கோளாறு வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"இருட்டுல தள்ளிவிடச் சொல்லுதீங்க."

"நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து இருட்டுக்குப் பயப்படுறதா, அண்ணாச்சி?"

செல்லத்துரை சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார். உள்ளே இருப்பதற்குக் கொடுக்கும் பட்டியலில் இரண்டு கார்டுகளின் எண்களையும் தட்டினார். எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். திருப்பியும் கேட்டார். கேள்வித்தாள் கோப்புறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அதன்பின் கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி, உள்ளே இருப்பதைத் தொடங்கும் ஆணையைக் கொடுத்தார்.

குரல் ஒரு சொல்லின் பாதியில் நின்றது.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. செல்லத்துரையின் விரல் மின்பொத்தான் வரைக்கும் போனது. அவரே கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அச்சு இயந்திரம் ஒருமுறை உறுமியது. ஊசிகள் தாளைக் குத்தத் தொடங்கின.

முதல் தாளை அவர் விரலால் படித்தார். அடைப்புக்குறி திறந்தது. மூடியது.

மணி அடிப்பதற்குள் தாள்கள் பரீட்சை அறைக்குப் போய்விட்டன. செல்லத்துரை திரும்பி வந்து பேசாத கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"டீச்சர், இனிமே ஒவ்வொரு தடவையும் இப்படி ஒண்ணும் கேட்காம உட்கார்ந்திருக்கணுமா? சரியா வந்துச்சான்னு யாருதான் எனக்குச் சொல்லுவா?"

"பரீட்சை முடியட்டும்" என்றார் டீச்சர். "பிள்ளைங்க சொல்லும்."