யார் பெட்டியின் நொடி

ஜெயசீலனின் பெரியப்பா ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு பெற்ற அன்று மேடையில் ஏதோ சொன்னார். “நின்னுபோன கடிகாரத்தால எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்ல. ரெண்டு கடிகாரம், நான்தான் சரின்னு ரெண்டும் சொல்லிச்சே, அன்னைக்குத்தான்...” மிச்சம் ஜெயசீலனுக்கு நினைவில்லை. அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

முப்பது வருடம் கழித்து, கோயம்புத்தூரில், ரஹ்மத் நிஷாவின் பட்டறையில் நின்று ஜெயசீலன் கேட்டார்.

“பரிதியோட பெட்டி ஏன் தலைமை? என்னோடது ஏன் இல்லை?”

நிஷா நிமிரவில்லை. மேசை மேல் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்று மைக் பெட்டி, இன்னொன்று ஸ்பீக்கர் பெட்டி.

“காலையிலயேவா சார்?” என்றார்.

ஜெயசீலனுக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடம் ஜெர்மனியில் டிரைவர் எழுதியவர். கருவிக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேசுகிற மென்பொருள் அது. ஒலிக்கருவிகளுக்கு அதை நிஷாவைப் போல எழுதுகிறவர் இல்லை என்று கேள்விப்பட்டு, அவரிடம் கற்க வந்திருந்தார். நிஷாவுக்கு முப்பத்தொன்பது.

இளம்பரிதிக்கு இருபத்தேழு. இரண்டு வருடமாக அங்கே இருக்கிறான். நிஷாவை ‘அக்கா’ என்பான்.

ஜெயசீலன் ‘மேடம்’ என்பார். ஒன்பது வயது மூத்தவர் அக்கா என்று கூப்பிட முடியாது. அதுவும் அவருக்கு உறுத்தியது.

மைக் பெட்டிக்கான டிரைவர் ஜெயசீலனுடையது. ஸ்பீக்கர் பெட்டிக்கானது பரிதியுடையது. சனிக்கிழமை இரண்டும் பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும்.

நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

“தாலி கட்டுற நேரத்துல டப்புனு வந்தா நம்மளத்தானுங்க சாத்து சாத்துன்னு சாத்துவாங்க” என்றான் பரிதி.

“உன்னைத்தான்” என்றார் ஜெயசீலன்.

காரணம் மூவருக்கும் தெரியும். மைக் பெட்டி நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் முறை ஒலியை அளந்து அனுப்புகிறது. ஸ்பீக்கர் பெட்டி நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் எடுத்து ஒலிக்கிறது. நடுவில் ஒரு சின்னத் தொட்டி. ஒருவர் ஊற்ற, ஒருவர் மொள்ள, கணக்கு சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனியாக ஒரு படிகக் கடிகாரம். ஒன்றின் நொடி இன்னொன்றின் நொடி இல்லை. தொட்டி மெல்ல நிறைந்து, நான்காவது நிமிடம் வழியும். அதுதான் டப்.

ஒரு பெட்டியின் நொடியைத் தலைமையாக வைக்க வேண்டும். மற்றது அதன் பின்னால் போக வேண்டும். நிஷா பரிதியின் பெட்டியைத் தலைமை என்று சொல்லிவிட்டார்.

“எது சரியான கடிகாரம்னு அளந்து பார்த்துடலாமே, மேடம்.”

“அளங்க.”

செயற்கைக்கோளிலிருந்து நேரம் பிடிக்கும் கருவி ஒன்று அலமாரியில் இருந்தது. ஜெயசீலன் அதை எடுத்து வந்து இரண்டு பெட்டிகளிலும் மாட்டினார். ஒரு மணி நேரம் எண்ணினார்.

அவருடையது நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம். பிசிறில்லாமல்.

பரிதியுடையது நாற்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

தாளை நிஷாவின் முன்னால் வைத்தார். விரல் அந்தத் தொண்ணூற்றொன்பதின் மேல் இருந்தது.

நிஷா பார்த்தார். “உங்களுதுதான் சரி.”

“அப்போ?”

“அப்பவும் பரிதியுதுதான் தலைமை.”

“ஏன்?”

“கேக்கறவங்க காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கு சார்.”

பரிதி சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி டம்ளரைக் கழுவப் போனான். அவன் சிரித்தது ஜெயசீலனுக்கு முதுகிலேயே தெரிந்தது.

அன்று பிற்பகல் அவர் தன் டிரைவரில் ஒரே ஒரு எண்ணை மாற்றினார். தொட்டியைப் பெரிதாக்கினார். நாற்பது மடங்கு.

மறுநாள் காலை எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். நான்கு நிமிடம். எட்டு. இருபது. டப் வரவே இல்லை.

“யாருக்குப் பின்னாடியும் யாரும் போக வேண்டியதில்லை. இரண்டரை மணி நேரத்துக்குத் தாங்கும். தாலி கட்டி, பந்தியே முடிஞ்சிடும்” என்றார் ஜெயசீலன்.

“பொண்ணு வீட்ல பாட்டுக்கச்சேரி வெச்சிருக்காங்களேங்க சார்” என்றான் பரிதி.

“வச்சா என்ன? உனக்குப் பொறுக்கலை, அவ்வளவுதான்.”

நிஷா எழுந்தார். மைக்கை எடுத்து ஜெயசீலனிடம் நீட்டினார். ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பினார்.

“எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க சார். இதுல.”

ஜெயசீலன் தொண்டையைச் செருமினார். “நான் தொட்டியை...”

அவர் ‘தொட்டி’ என்று சொல்லும்போது ஸ்பீக்கர் ‘நான்’ என்றது.

“தொட்டியோட அள... அளவை...”

சொன்ன சொல் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தி வந்து காதில் விழுந்தது. வாய் தானாக நின்றது. அவர் நின்றால் அதுவும் பிந்தி நின்றது. மறுபடி தொடங்கினார்.

“நா... நாற்பது ம... மட...”

வாழ்க்கையில் அவருக்குத் திக்கியதே இல்லை.

“பெரிய தொட்டி” என்றார் நிஷா. “தண்ணி இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர நேரம் ஆகுது. பாடறவங்க என்ன பண்ணுவாங்க?”

ஜெயசீலன் மைக்கைக் கீழே வைத்தார். பரிதி இந்த முறை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

“தெரிஞ்சேதானே செஞ்சீங்க?” என்று கேட்டார் நிஷா.

“ஆமா.”

“ஏன்?”

அவர் கணினித் திரையைக் காட்டினார். “அவன் பேரு தலைமைன்னு திரையில வருது. என் பேரு அதுக்குக் கீழே வருது. எனக்கு வயித்தெரிச்சல். போதுமா?”

“போதும்.” நிஷா அறையைச் சுற்றிப் பார்த்தார். “சுவரோரம் சும்மா கிடக்கற இந்த நீள மேசையைப் பின்னறைக்குக் கொண்டு போகணும். ரெண்டு பேரும் தூக்குங்க.”

“இப்பவா?”

“இப்பவே.”

ஜெயசீலன் சட்டென்று முன்பக்கம் போய், கைகளைப் பின்னால் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். பரிதி பின்பக்கம் பிடித்தான். நடைவழி குறுகலானது. ஜெயசீலன் தன் வேகத்தில் நடந்தார். இரண்டு திருப்பம். எங்கேயும் இடிக்கவில்லை.

பின்னறையில் நிஷா நின்றிருந்தார்.

“பரிதி எப்படி நடந்தான்?”

“எனக்கெப்படித் தெரியும்? அவன் என் முதுகுக்குப் பின்னாடி வந்தான்.”

“சரி. இங்க இடம் சரியில்ல. திரும்பி எடுத்துட்டுப் போங்க. இப்ப அவன் முன்னாடி.”

“மேடம், இது அநியாயம்.”

“தூக்குங்க சார்.”

பரிதி முன்னால் நடந்தான். ஜெயசீலன் தன் வழக்கமான எட்டு வைத்ததும் மேசை விளிம்பு அவன் இடுப்பில் முட்டியது.

“மெதுவாங்க சார்.”

ஜெயசீலன் எட்டைக் குறைத்தார். கொஞ்சம் கூடுதலாகக் குறைத்துவிட்டார். மேசை பின்னுக்கு இழுத்தது. மறுபடி கூட்டினார். பரிதியின் வலது குதிகால் தரையில் படும் தருணத்தைப் பார்த்து, அதற்குத் தன் காலைப் பொருத்தினார். முதல் திருப்பத்துக்கு முன்பே அவன் தோள் சாய்வதைக் கண்டு மேசையை வெளிப்பக்கம் தள்ளிக் கொடுத்தார். இரண்டாம் திருப்பத்தில் அவர் தள்ளிக் கொடுத்தது பரிதிக்குத் தெரியவே இல்லை.

மேசையை இறக்கினார்கள். ஜெயசீலனின் சட்டை முழுக்க வியர்வை. பரிதிக்கு ஒன்றுமில்லை. விசிலடித்துக்கொண்டே கையைத் தட்டினான்.

“இப்ப சொல்லுங்க” என்றார், பின்னாலேயே வந்த நிஷா. “எப்படி நடக்கறான்?”

“வலது காலை ஒரு துளி பிந்தி வைக்கிறான்.”

“நானா?” என்றான் பரிதி. குனிந்து தன் காலைப் பார்த்தான். “இல்லீங்களே?”

“அவனுக்குத் தெரியுமா, நீங்க அதுக்காக என்னென்ன பண்ணீங்கன்னு?”

ஜெயசீலன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“திரையில போடலாமா சார் அதை?”

“எப்படிப் போடுவீங்க?”

நிஷா ஸ்விட்சைத் தட்டி ஸ்பீக்கரை அணைத்தார். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பாதியில் விட்ட வேலையைக் கையில் எடுத்தார்.

ஜெயசீலன் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் பரிதியின் மேசைக்குப் பக்கத்தில் போட்டார்.

“உன் கடிகாரத்தோட எண்ணிக்கையை நொடிக்கு ஒருமுறை எனக்குக் காட்டு.”

“எதுக்குங்க சார்?”

ஜெயசீலன் தொட்டியைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். மைக் பெட்டியிலிருந்து வரும் நாற்பத்தெட்டாயிரத்தை நொடிக்கு நொடி பரிதியின் எண்ணிக்கைக்குச் சுருக்கித் தரும்படி தன் டிரைவரை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதுவது என்று முடிவு செய்தார்.